அப்பா தூங்காமல் பார்த்த படம்

என் அப்பா தியேட்டரில் தூங்காமல் முழுதாகப் பார்த்த படம் ஒன்றே ஒன்றுதான். அது குழந்தைகளுக்காக எடுத்த படம். உடம்போடு ஒட்டிய உடுப்பும் முகமூடியும் போட்ட ஒருவன் பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுவானே, அந்த வகை. எந்த நாட்டிலோ எடுத்து, தமிழ் பேச வைத்து, பெரம்பலூருக்கு அனுப்பியிருந்தார்கள். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீசில், இந்த மாதிரிப் படங்களில் பெரியவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். ஒரே கதையைத் திருப்பித் திருப்பி எடுக்கிறார்கள் என்பார் ஒருவர். வேலை பார்த்துக் களைத்தவனுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது என்பார் இன்னொருவர். இந்த வழக்குக்கு நான் பத்து வயதிலேயே தீர்ப்பு வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடுவேன். யாரும் நம்பியதில்லை.

வழக்கைத் தொடங்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். ரீசார்ஜ் செய்வதும் உடைந்த கண்ணாடி மாற்றுவதும் வயிற்றுப்பாட்டுக்கு. அவர் தன்னுடைய உண்மையான வேலை என்று நினைத்தது, இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி சினிமா விமர்சனம் எழுதுவதைத்தான். பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். அவர் மார்க் போடும் வரை எங்கள் சொந்தத்தில் யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள். அவருக்குப் பிடித்த படங்களில் யாராவது ஒருவர் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு வெகுநேரம் மழையைப் பார்ப்பார். அதற்கு எட்டு மார்க்குக்குக் குறைந்து அவர் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் சொல்லும் படத்தின் வீரனுக்கு உள்ளங்கையில் சக்தி. இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினால் எதிரில் இருப்பதெல்லாம் நொறுங்கிப்போகும். போஸ்டரில் வாயில் நுழையாத ஒரு பெயர் போட்டிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கைதட்டி என்று பெயர். டிவியில் விளம்பரம் வந்த நாளிலிருந்து ஐந்தாம் வகுப்பில் வேறு விளையாட்டே கிடையாது. தூர நின்று ஒருவர் தட்டினால் எதிரில் இருப்பவர் மல்லாக்க விழ வேண்டும். ஒரு வாரத்தில் எல்லார் யூனிபாரமும் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு சில அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சத்தம் போட்டார்கள்.

படம் பெரம்பலூருக்கு வந்ததும் கூட்டிப் போகச் சொல்லி மாமாவைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையை நக்கிக்கொண்டே சிரித்தார். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, கதையை இப்போதே சொல்கிறேன் என்று ஐந்து விரலையும் விரித்தார்.

“மொதல்ல ஒரு பாவப்பட்ட பையன். அப்பறம் அவனுக்கு சக்தி வரும். அப்பறம் கொஞ்ச நேரம் சேட்ட பண்ணுவான். அப்பறம் ஒருத்தன் வந்து ஊர ஒடைப்பான். கடைசில இவன் அடி வாங்கி விழுந்து எந்திரிச்சு அவன ஒடைப்பான். அவ்ளோதான். இதுல பெரிய மனுசன் பாக்க என்ன இருக்கு? அஞ்சு வயசுக்கும் அம்பது வயசுக்கும் ஒரே பால்புட்டியா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பால்புட்டி என்று சொன்னதுதான் தாங்கவில்லை. நான் உயிராக நினைத்த ஒன்றை, எச்சில் கையால் ஐந்து விரலுக்குள் அடக்கிக் காட்டிவிட்டாரே என்று ஆத்திரம். பெரியவர்களுக்கும் அந்தப் படம் பிடிக்கும் என்று கத்தினேன். எந்தப் பெரியவர் என்று கேட்டார். சுற்றிப் பார்த்தேன். சட்டியில் மிஞ்சியதை அம்மா வழித்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்து மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் அப்பா. நான் அப்பாவைக் கை காட்டினேன்.

மாமாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தாள். காரணம், அப்பா சினிமாவில் தூங்குவது சொந்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணமான புதிதில் அம்மாவைப் பெரம்பலூருக்குப் படத்துக்குக் கூட்டிப் போனாராம். கதாநாயகி செத்துப்போகும் இடத்தில் தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது அப்பா விட்ட குறட்டையில், முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி திரும்பி, ஒடம்பு சரியில்லீங்களா என்று அம்மாவைக் கேட்டாளாம். அதற்குப் பிறகு அம்மா தன் அக்கா தங்கைகளோடுதான் சினிமாவுக்குப் போனாள். இருட்டு, ஏசி, மெத்து மெத்தென்று சீட்டு, தூங்காமல் வேறு என்ன செய்வது என்பது அப்பாவின் கேள்வி.

இருந்தாலும் பந்தயம் என்று வந்துவிட்டது. மாமா விதிகளை அடுக்கினார். அப்பா தூங்கக் கூடாது. இடைவேளை தவிர நடுவில் எழுந்திருக்கக் கூடாது. அப்படிப் பார்த்துவிட்டால், இந்தப் படத்தில் பெரியவர்களுக்கும் விஷயம் இருக்கிறது என்று மாமா தன் பக்கத்தில் எழுதுவார். அதோடு, அடுத்த பாகம் வரும்போது குடும்பத்தையே திருச்சிக்குக் கூட்டிப் போவார். தூங்கிவிட்டால், அது பால்புட்டிப் படம் என்று நான் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வருஷத்துக்கு அவர் கூட்டிப் போகும் மழைப் படங்களுக்கு வாயைத் திறக்காமல் வர வேண்டும். அப்பா இலையை மடித்தார். என் முகத்தைப் பார்த்தார். வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதான், போவோம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்பாவின் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். அந்தப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். சிமெண்டுக்காக அதை வெடி வைத்து எடுக்கும் பள்ளத்தை மைன்ஸ் என்போம். மதியம் ஒன்றரை மணி சுமாருக்கு வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் மூன்று தடவை சங்கு ஊதும். முதல் சங்குக்குக் காட்டில் இருப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டாவது சங்குக்கு எல்லாரும் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். மூன்றாவது சங்கு முடிந்ததும் வெடி. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு, அம்மா என்று சொல்ல வருவதற்கு முன்பே இரண்டாவது சங்குக்கு உள்ளே ஓட வந்துவிடும். வாத்தியார் மரத்தடிப் பாடத்தைப் பாதியில் நிறுத்துவார். புழுதி விழும் என்று பெண்கள் சோற்றுப் பானையை மூடுவார்கள். வெடித்த பிறகு வீட்டுச் சட்டிகள் லேசாகக் கிணுகிணுக்கும். அப்புறம் எல்லாரும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

அப்பா சிவப்புக் கொடிக்காரர். வெடி வைப்பவர் வேறு, பள்ளத்துக்குள் பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் வேறு. அப்பா ஒரு பழைய மொபெட்டில், கொடியும் விசிலுமாகப் பள்ளத்தைச் சுற்றியிருக்கும் காட்டுப் பாதைகளில் சுற்றுவார். பருத்தி எடுக்கும் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், ஓடைக்குள் சுள்ளி பொறுக்குபவர்கள் என்று காலையில் அந்தப் பக்கம் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பது அவர் மனதில் இருக்கும். அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று பார்த்த பிறகு பச்சைக் கொடியைத் தூக்குவார். அதைத் தூக்கினால்தான் மூன்றாவது சங்கு. அந்த வயதில் எனக்கு இதில் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா, சக்கரமே ஆள் உயரத்துக்கு இருக்கும் வண்டியை ஓட்டினார். ஒங்கப்பா ஆடு வெரட்டுறவருதான என்பாள் அவள். அதற்குப் பழியாக நான் கைதட்டி விளையாட்டில் அவளை இரண்டு தடவை கூடுதலாக விழ வைப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். அப்பா, அம்மா, நான், என்னைவிட மூன்று வயது சின்னவனான தம்பி. மாமா கடையைச் சாத்திவிட்டுத் தியேட்டர் வாசலில் நின்றார். நான் போர்க்களத்துக்குப் போகிற மாதிரி ஏற்பாடுகள் செய்திருந்தேன். அப்பாவைக் காலையில் ஒன்றும் பஸ் ஸ்டாண்டில் ஒன்றுமாக இரண்டு டீ குடிக்க வைத்தேன். மதியச் சோற்றைக் குறைவாகப் போடச் சொல்லி அம்மாவிடம் முன்கூட்டியே கெஞ்சியிருந்தேன். கண் சொக்கினால் கிள்ளுவதற்கு வசதியாக அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். வலது பக்கம் சாட்சிக்கு மாமா உட்கார்ந்தார். எங்கள் ஊர்க்காரர்களும் இரண்டு மூன்று குடும்பமாக முன் வரிசைகளில் இருந்தார்கள். மைன்ஸில் ஞாயிறு வெடி கிடையாது, அதனால் அன்றைக்குத்தான் எல்லாரும் டவுனுக்கு வருவார்கள்.

படம் தொடங்கியது. பாவப்பட்ட பையன் வந்தான். என் மூக்குக்கு நேராக இருட்டில் மாமாவின் கட்டைவிரல் நீண்டது. பையனுக்குச் சக்தி வந்தது. இரண்டாவது விரல். அவர் சொன்ன வரிசை ஓர் இம்மி பிசகவில்லை. ஆனால் அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தால், அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கைதட்டி முதன்முதலாகச் சந்தைத் தெருவில் கையைத் தட்டினான். கடைகள் சரிந்தன. தம்பியும் நானும் துள்ளினோம். அப்பா என் பக்கம் குனிந்து கேட்டார்.

“யாருக்கும் அடிபடலியே பாப்பா?”

அவன் நல்லவன்ப்பா, அவன் தட்டினா நல்லவங்களுக்கு ஒண்ணும் ஆகாது என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஆனால் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை வரை அவர் கண் சொக்கவில்லை. மாமாவுக்கு வேர்த்துவிட்டது. எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்து, மாமா என்ன தூக்கம் வரலியா என்று நைசாகக் கேட்டார். என் அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். அப்பா பப்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேறு ஒன்றைக் கேட்டார்.

“மாப்ள, அந்தப் பாலம் இடிஞ்சுதுல்ல. அதுக்கு அடியில ஒரு பொம்பள, தள்ளுவண்டியில புள்ளய வச்சிக்கிட்டு நின்னா. அவ வெளிய வந்துட்டாளா?”

மாமா திகைத்துவிட்டார். பாலம் இடிந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. தள்ளுவண்டியை யாரும் பார்க்கவில்லை. சிவப்பு வண்டி, மேலே மஞ்சள் துணி போட்டிருந்தது என்றார் அப்பா. அவளுக்கு முன்னால் ஓடியவர்கள் பதினோரு பேர், அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் பதினோரு பேர்தான், அவளைக் காணோம் என்றார்.

“அதெல்லாம் ஓடுறதுக்குன்னு வந்த கூட்டம் மாமா. அவங்க கதையில இல்ல.”

“கதையில இல்லன்னா? அங்கதான நின்னா.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எத்தனையோ படம் பார்த்து மார்க் போட்ட மாமாவின் கண்ணில் படாத தள்ளுவண்டி, சினிமாவில் தூங்குகிற என் அப்பாவின் கண்ணில் பட்டிருக்கிறது. இப்படி உன்னிப்பாக ஒருவர் படம் பார்த்தால், படம் அவருக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம். ஜெயித்துவிட்டேன் என்றே முடிவு கட்டினேன். கிள்ளுவதற்காக வளர்த்து வைத்திருந்த நகத்தைக் கடித்துத் துப்பினேன்.

இரண்டாவது பாதியில் வில்லன் வந்து ஊரை உடைத்தான். கைதட்டி அடி வாங்கி விழுந்தான், எழுந்தான். கடைசியாக ஊர் நடுவில் வில்லனோடு நேருக்கு நேர் நின்றான். இதுவரை தட்டாத பெரிய தட்டு ஒன்றைத் தட்டப்போகிறான். மாமாவின் ஐந்தாவது விரல் நீண்டது. அப்போது அந்த வெளிநாட்டு ஊரில் அபாயச் சங்கு ஊதியது.

எங்கள் மைன்ஸ் சங்கின் குரல் அப்படியே. தியேட்டரின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. முன் வரிசையில் இருந்த எங்கள் ஊர்த் தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. சங்கு நின்று, மறுபடி ஊதியது. தம்பி சீட்டிலிருந்து வழுக்கி அடியில் போய்க் குந்திக்கொண்டான். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மடியிலிருந்த பாப்கார்ன் டப்பாவை முந்தானையால் மூடினாள். எனக்கும் கால் இரண்டும் தன்னால் மேலே வந்துவிட்டன. மூன்றாவது முறை ஊதத் தொடங்கியதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சங்க நிறுத்து. இன்னும் ஆள் இருக்கு. நில்லு, இன்னும் ஆள் இருக்கு.”

அது வீட்டில் நான் ஒருநாளும் கேட்காத குரல். மூன்று காட்டைத் தாண்டிக் கேட்கிற குரல். முன் வரிசையிலிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர், மைன்ஸில் அப்பாவோடு வேலை பார்ப்பவர், பதறி எழுந்து அதே வேகத்தில் திருப்பிக் கேட்டார்.

“எங்கண்ணே?”

அப்பா திரையின் இடது மூலையைக் கை காட்டினார். அங்கே நிஜமாகவே, ஒரு கட்டடத்தின் படியில் நாலைந்து பேர் ஒடுங்கி நின்றார்கள். எல்லார் கண்ணும் கைதட்டியின் மேல் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. கைதட்டி தட்டினான். திரை வெள்ளையாகிவிட்டது. பெரம்பலூர் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். எழுந்து நின்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்பாவின் கையை நான் பிடித்துக்கொண்டேன். சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கைதட்டியையே நிற்கச் சொன்ன ஆள் உலகத்திலேயே என் அப்பா ஒருவர்தான் என்று நெஞ்சு விம்மியது.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஜனம் எழுந்தது. அப்பா அசையவில்லை. இந்தப் படங்களில் எல்லாப் பெயரும் ஓடி முடிந்த பிறகு குட்டியாக ஒரு காட்சி வரும் என்று மாமா சொல்லியிருந்தார். அதுல காட்டுவான், அந்தப் பொம்பள என்ன ஆனான்னு என்று அப்பா உட்கார்ந்திருந்தார். கூட்டுகிறவர் துடைப்பத்தோடு எங்கள் வரிசைக்கு வந்து, காலைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போனார். எத்தனையோ ஆயிரம் பெயர்கள் மேலே போயின. கடைசியில் காட்சி வந்தது. இருட்டில் ஒரு புது வில்லன் கண்ணைத் திறந்தான், அவ்வளவுதான். அப்பா பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்தார்.

டீக்கடையில் பஞ்சாயத்து நடந்தது. நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்பது விதி, அப்பா எழுந்து நின்றார், தியேட்டரே சாட்சி என்றார் மாமா. எழுந்து வெளியே போகக் கூடாது என்பதுதான் விதி, நின்றது கணக்கில் வராது என்றேன் நான். தம்பி, தான் சீட்டுக்கு அடியில் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்று சாட்சி சொல்ல மறுத்துவிட்டான். அம்மாதான் தீர்த்து வைத்தாள். எத்தன வருசத்துல இந்த மனுசன் தூங்காம ஒரு படம் பாத்துட்டு வெளிய வந்துருக்காரு, பேசாம தோத்துட்டேன்னு சொல்லு என்று தன் தம்பியைப் பார்த்துச் சொன்னாள். மாமா கடைசி முயற்சியாக அப்பாவிடமே கேட்டார், படம் எப்படி என்று. அப்பா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“நல்ல பலசாலிதான் மாப்ள. கூட ஒரு கொடிக்காரன வச்சிருக்கலாம்.”

மாமா சிரிக்க வாயைத் திறந்தார். பிறகு சிரிக்கவில்லை. கடைச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே எங்களோடு பஸ் வரும் வரை நின்றார்.

மறுநாள் அவர் எழுதியதை அம்மாவின் போனில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படம் ஐந்து விரலுக்குள் அடங்கும் படம்தான் என்று ஆரம்பித்திருந்தார். தான் பார்த்த படத்தில் தனக்கு ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருந்தார். ஆனால் அதே திரையின் ஓரத்தில் இன்னொரு படம் ஓடியதாகவும், அதை எடுத்தவர்களுக்கே அது தெரியாது என்றும், சுரங்கத்தில் கொடி பிடிக்கும் தன் மாமா ஒருவர்தான் அதை முழுதாகப் பார்த்தார் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் மார்க். படத்துக்கு நாலு, பார்த்தவருக்குப் பத்து. அவர் பத்துக்குப் பத்து போட்டது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் நடக்கவில்லை, மிதந்தேன். எங்க அப்பா சொல்லாம கைதட்டிகூட தட்டக் கூடாது என்று அறிவித்தேன். முன் வரிசைக் குடும்பங்களின் பிள்ளைகள் நடந்ததை அப்படியே சொன்னதால் யாரும் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து விளையாட்டில் ஒரு மாற்றம் வந்தது. கைதட்டியாக ஒருவர் இருந்தால் கொடியாக ஒருவர் இருக்க வேண்டும். கொடி ஓடிப்போய் எல்லாரையும் ஒதுக்கிவிட்டுக் கையைத் தூக்கினால்தான் தட்டலாம். ஒதுங்கிய பிறகு விழுவதற்கு ஆளே இருக்காது என்பதால் விளையாட்டு சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு மாதம் விளையாடினோம். பெரிய வண்டிக்காரரின் மகள் தானும் கொடியாக இருக்க வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தேன்.

அடுத்த பாகம் இரண்டு வருஷம் கழித்து வந்தது. மாமா சொன்ன சொல் தவறவில்லை. எல்லாரையும் திருச்சிக்குக் கூட்டிப் போனார். பெரிய தியேட்டர், சாய்ந்துகொள்ளும் சீட்டு. இந்த முறை எனக்குப் பயமே இல்லை. டீயும் வாங்கிக் கொடுக்கவில்லை, நகமும் வளர்க்கவில்லை. அப்பாவுக்கு இந்தப் படங்கள் பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டது அல்லவா. படத்தில் கைதட்டியை வில்லன் வேறொரு கிரகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கண்ணுக்கெட்டிய வரை பாறையும் மணலும். சண்டை முழுக்க அங்கேதான் என்று புரிந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“இங்க ஆளுங்க யாரும் குடியில்லியா பாப்பா?”

யாரும் இல்லப்பா, வெறும் கிரகம் என்றேன்.

“ஆடு மாடு?”

அதுவும் இல்லை என்றேன். அப்ப சரி என்று சீட்டைச் சாய்த்துக்கொண்டார். அந்த நிமிஷமே தூங்கிப்போனார். கைதட்டி மலைகளைத் தட்டி உடைத்தான், கடலையே இரண்டாகப் பிளந்தான், அப்பாவின் குறட்டை ஒரு தடவைகூடத் தடைப்படவில்லை. மாமா எனக்கு முன்னால் ஐந்து விரலையும் மொத்தமாக விரித்துக் காட்டினார். நான் அப்பாவைக் கிள்ளினேன். கண்ணைத் திறந்து திரையை ஒருமுறை பார்த்து, இன்னும் யாரும் வரலியே என்று கேட்டு, இல்லை என்றதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். படம் நல்லாருந்துச்சு பாப்பா, மொதப் படத்த விட ரொம்ப நல்லாருந்துச்சு என்றார். தூங்கினவர் என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லும் பொய் என்று நினைத்து அழுதேன். அவர் எப்போதும் போல என் தலையைத் தடவிவிட்டு, உண்மையாத்தான் சொல்றேன் என்றார். முதல் படத்துக்கு அவருடைய ஒரு நாள் லீவில் நான் அவரைக் கூட்டிப் போன அன்றைக்கும் அவர் வேலைதான் பார்த்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காப்பாற்ற ஓர் ஆடுகூட இல்லாத அந்த வெறும் கிரகத்தைவிட நல்ல படத்தை அவருக்கு யாராலும் எடுத்துக் கொடுத்திருக்க முடியாது என்பதும் தெரியாது.